கிட்டாருக்கு வால் முளைத்தது

ஐம்பதைத் தாண்டிய ஆணுக்குச் செங்கல்பட்டில் பொழுதுபோக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது. காலையில் கொளவாய் ஏரிக்கரையில் கைகளை வீசிக்கொண்டு நடக்கலாம். எதிரே கைகளை வீசிக்கொண்டு வருபவரிடம் அவருடைய சர்க்கரை அளவை விசாரித்து, நம்முடையது குறைவாக இருந்தால் அந்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். என் அலுவலகத்தில் என்னைவிடத் துணிச்சலான சிலர் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை நிறுத்த நிழல் தேடுவதிலேயே ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கிறார்கள். நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன்.

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இன்னுமா?"

சாதாரண கிட்டாருக்கு வயிறு உள்ளே காலியாக இருக்கும். என்னுடையதற்கு அப்படியில்லை, குடைவே இல்லாத ஒற்றை மரக்கட்டை. கடைக்காரர்கள் அதை 'சாலிட் பாடி' என்பார்கள். வெங்காயச் சிவப்பு வார்னிஷ் போட்டது. தோளில் மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். எங்கள் வீட்டில் சாலிட் பாடி என்று சொல்லத்தக்கது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மாலைகளில், மாமல்லபுரத்தைத் தாண்டிச் சதுரங்கப்பட்டினம் போகும் வழியில் உள்ள ஒரு கடற்கரை விடுதியில், நாங்கள் மூன்று பேர் வாசிக்கிறோம். டிரம்ஸ் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. செங்கல்பட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். வேன் அவனுடையது என்பதால் குழுவுக்குத் தலைவனும் அவனே. கீபோர்டு வாசிப்பவர் அணுபுரம் குடியிருப்பில் இருப்பவர், என்னைவிடச் சற்று மூத்தவர். மச்சான் அவரை 'அண்ணாத்த' என்று கூப்பிடப்போய், இப்போது எனக்கும் அவர் அண்ணாத்தைதான். கிட்டார் நான்.

நிகழ்ச்சிக்கு விடுதி மேலாளர் வைத்திருக்கும் பெயர் 'சன்செட் மியூசிக்'. நம்முடையது கிழக்குக் கடற்கரை. இங்கே சூரியன் கடலில் உதிப்பதோடு சரி. மறைவதெல்லாம் பின்பக்கம், கார் நிறுத்துமிடத்துக்கு மேலே. ஆனாலும் வாரா வாரம் வெளியூரிலிருந்து வந்த ஏதாவது ஒரு குடும்பம், கடலைப் பார்த்துச் செல்போனை நீட்டிக்கொண்டு, சூரியன் வந்து மூழ்குவதற்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருக்கும். யாரும் அவர்களிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது மேலாளரின் உத்தரவு. நாங்கள் அவர்களுக்குப் பின்னணி இசை கொடுத்துக்கொண்டிருப்போம்.

நாங்கள் வாசிப்பதில் கடைசி உருப்படி என்னுடையது. நானே போட்ட டியூன். வார்த்தை கிடையாது, பெயரும் வைக்கவில்லை. மச்சான் அதை 'மாமா டியூன்' என்பான். இத்தனை வருட வாழ்க்கையில் நான் உண்டாக்கியவற்றில், என் மகளைத் தவிர, அடுத்தவர்கள் ஒரு நிமிடம் நின்று கவனித்தது அதை மட்டும்தான். அலுவலகக் கோப்புகளில் நான் எழுதிய குறிப்புகளை யாரும் நின்று கவனித்ததாகத் தகவல் இல்லை. அந்த டியூன் மெதுவாகக் கிளம்பி, அங்கங்கே உட்கார்ந்து எழுந்து, கடைசிச் சுரத்துக்கு வந்து நிற்கும். நின்ற இடத்தில் அலை மாதிரி ஆடும். அந்த ஆட்டம்தான் டியூன். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான பேருந்துக் கட்டணம்.

ஆட்டுவது இடது கை மோதிர விரலின் வேலை. கம்பியை அழுத்திக்கொண்டு, அழுத்திய இடத்திலேயே அதை இழுத்து இழுத்து விட வேண்டும். சென்ற வருடம் அந்த விரல் ஒரு முடிவுக்கு வந்தது. மடக்கினால் நிமிர மறுக்கும். வற்புறுத்தினால் பேனா மூடி கழல்வதுபோல 'டிக்' என்று நிமிரும். டாக்டர் அதற்கு 'ட்ரிகர் ஃபிங்கர்' என்றார். துப்பாக்கி விசையின் பெயர். வாழ்நாளில் துப்பாக்கியைத் தீபாவளிக்கு மட்டுமே பிடித்த ஒருவனுக்கு இப்படியொரு வீரமான வியாதி.

"அழுத்தலாம் சார். ஆட்டாதீங்க" என்றார் டாக்டர்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆடாமல் அசையாமல் இருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. கிட்டாரில்தான் சிக்கல்.

சிக்கல் ஒரு சனிக்கிழமை மேடையேறியது. டியூன் அழகாகக் கிளம்பி, உட்கார்ந்து, எழுந்து, கடைசிச் சுரத்துக்கு வந்தது. விரல் மடங்கியது. அவ்வளவுதான். சுரம் மின்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. இறால் வறுவலில் மூழ்கியிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார், பில் வந்துவிட்டதோ என்று.

திரும்பும் வழியில் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் டீ குடிப்பது எங்கள் வழக்கம். அங்கே விசாரணை நடந்தது.

"இன்னா மாமா அது? நோட்டு வெறச்சுகினு நிக்குது, பொணம் மாதிரி?" என்றான் மச்சான்.

"விரல் வரலடா."

"ஜனம் இன்னா உன் விரலயா கேக்க வந்துகீது? நோட்ட கேக்க வந்துகீது."

அண்ணாத்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "என் கீபோர்டுல ஓரத்துல ஒரு சக்கரம் இருக்கு, பாத்திருப்பீங்க. கட்டை விரலால லேசா உருட்டினா போதும், நோட்டு ஏறி இறங்கும். வேணும்னா அந்தக் கடைசிப் பகுதிய மட்டும் நான்..."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். கெட்ட எண்ணம் இருந்தால் நாம் திருப்பி ஏதாவது சொல்லலாம்.

"இன்னாத்துக்கு மட்டும்?" என்றான் மச்சான். "முழுசா அண்ணாத்தையே வாசிக்கட்டும். நீ பின்னால நின்னு கார்ட்ஸ் போட்டுகினு இரு மாமா."

"அது என் டியூன்டா."

"யாரு இல்லன்னா? உன் வூட்டு மாடுதான். பால மட்டும் அவரு கறக்கட்டும்."

கார்ட்ஸ் போடுவது என்றால் அடுத்தவர் வாசிக்கும்போது பின்னால் நின்று 'டிக்-சக், டிக்-சக்' என்று தட்டிக்கொண்டிருப்பது. கல்யாணத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கிறவரின் அந்தஸ்து அது. வைத்தால் யாரும் நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. எனக்கு அந்த வேலை அலுவலகத்திலேயே கிடைக்கிறது. அதற்காகக் கடற்கரை வரை போக வேண்டியதில்லை.

"இந்த மாசம் முடியட்டும்" என்றேன். "கடைசி சனிக்கிழமை அந்த நோட்டு ஆடும்."

"ஆடலன்னா?"

"டியூன் அண்ணாத்தைக்கு."

"நீதான் சாட்சி" என்று மச்சான் டீக்கடைக்காரரிடம் சொன்னான். அவர் பாலில் கவனமாக இருந்தார்.

அதன்பின் பல நாட்கள் நான் செல்போனில் வீடியோ பார்த்தேன். விரலை ஆட்ட முடியாதவர்களுக்கும், ஆட்டச் சோம்பேறித்தனம் உள்ளவர்களுக்கும் ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தது. கிட்டாரின் அடிப்பக்கத்தில் கம்பிகள் மாட்டப்பட்டிருக்கும் உலோகத் துண்டைக் கழற்றிவிட வேண்டும். அதற்குப் பதிலாக ஓர் உருளை, ஒரு ஸ்பிரிங், ஒரு கைப்பிடி சேர்ந்த இன்னொன்றைத் திருகிப் பொருத்த வேண்டும். பிறகு வலது கையால் கைப்பிடியை அசைத்தால் ஆறு கம்பிகளும் ஒன்றாகத் தளரும், ஒன்றாக இறுகும். சுரம் ஆடும். இடது கை விரல் சும்மா அழுத்திக்கொண்டு, தான் ஓய்வு பெற்றுவிட்டதை அனுபவிக்கலாம்.

இதன் பெயர் 'வைப்ரேட்டோ டெயில்பீஸ்'. ஆனால் கிட்டார் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இதை 'ட்ரெமலோ' என்கிறார்கள். அது தப்பு. ட்ரெமலோ என்றால் சத்தம் கூடிக் குறைவது. வைப்ரேட்டோ என்றால் சுருதி ஏறி இறங்குவது. என் மனைவி அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஊரெல்லாம் ஒரு சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துகிறது என்று கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷத்தில் அனுமதியும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளிடம் இதை விளக்கினேன்.

"அது சரி, டெயில்பீஸ்னா என்ன?"

"வால்... வால் துண்டு."

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த வயசுல வால் முளைக்குதா உங்களுக்கு?"

"எனக்கில்ல. கிட்டாருக்கு."

"ஏன், இந்த வீட்ல இருக்கிற வால் போதாதா?"

தமிழில் இந்த உறுப்புக்கு மரியாதையே கிடையாது. சேட்டை செய்கிற பிள்ளை வாலு. அதிகாரியை எதிர்த்துப் பேசினால் வாலாட்டுகிறான். அடங்காவிட்டால் வாலை ஒட்ட நறுக்குவார்கள். நான் என் டியூனைக் காப்பாற்றக் கிளம்பியவன். ஒரே சொல்லில் என்னை நான்காம் வகுப்புக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். மறுநாள் காலை அவள் தம்பியிடமிருந்து போன். "மாமா, வாலு வாங்கப் போறியாமே?"

கேளம்பாக்கத்தில், ஐ.டி. குடும்பத்துப் பிள்ளைகளை நம்பி ஓர் இசைக்கருவிக் கடை இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் யுகுலேலே எனப்படும் குட்டி கிட்டார்கள் இளஞ்சிவப்பில் வரிசையாகத் தொங்கின.

"வைப்ரேட்டோ இருக்கா?"

கடைக்காரர் என் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார். "ஃபோன் சர்வீஸ் பக்கத்துக் கடை சார்."

ஆகவே இணையத்தில் வாங்கினேன். பொருளைப் பற்றிய விவரத்தை அந்தத் தளம் தானாகவே தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தது. 'திடமான உடலுக்கான நடுங்கும் வால். நிறுவுவது மிகவும் இன்பம். உடலில் துளைகள் அவசியம்.' மனைவி அதை ஒருமுறை மனதுக்குள்ளும் ஒருமுறை சத்தமாகவும் படித்தாள். இதுவரை அவள் திருத்திய விடைத்தாள்கள் எதிலும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"உடலில் துளைகள் அவசியம்னு போட்டிருக்கு. யார் உடல்லன்னு தெளிவா கேட்டுக்கங்க."

பொட்டலம் வந்தது. உருளை இருந்தது, கைப்பிடி இருந்தது, திருகுகள் இருந்தன. பளபளவென்று ஒரு துடைக்கும் துணிகூட இருந்தது. ஸ்பிரிங் மட்டும் இல்லை. கைப்பிடிக்கு அடியில் நிமிர்ந்து நின்று, அழுத்தினால் அமுங்கி, விட்டால் மறுபடி தூக்க வேண்டிய அந்த ஒரு சின்ன ஸ்பிரிங்தான் இதில் உயிர். திருப்பி அனுப்பி மாற்றி வாங்கலாம் என்றால், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அதற்காகக் காத்திருக்காது.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்து ஸ்பிரிங் விற்கிற ஒரே ஆள், என் டியூனைப் பிடுங்கி அண்ணாத்தையிடம் கொடுக்கப்போகிற ஆள்தான். போனேன்.

"இன்னா மாமா, இன்னா வோணும்?"

"ஒரு ஸ்பிரிங்."

"எந்த வண்டிக்கு?"

பையிலிருந்து வாலை எடுத்துக் கல்லாமேஜைமேல் வைத்தேன். மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நெம்பினான். முகர்ந்தும் பார்த்தான். தொழில்காரனுக்குக் கையில் ஒரு யந்திரம் வந்தால் பகையெல்லாம் மறந்துபோகிறது. உள்ளே போய் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தான்.

"கிளட்ச் ஸ்பிரிங்கு. கரீட்டா உக்காரும் பாரு. ஒரிஜினல் பீஸு மாமா, மலையெல்லாம் ஏறும்."

"எனக்கு ஒரு டியூன் ஏறினாப் போதும்."

"ஏறலன்னா ஸ்பிரிங்க குத்தம் சொல்லாத. டியூன் அண்ணாத்தைக்கு. நெனப்பு கீதுல்ல?" என்றான். அப்புறம் கேட்காமலே டிரில்லிங் மெஷினையும் எடுத்துக் கொடுத்தான். தூக்குத் தண்டனைக் கைதிக்கு நல்ல சாப்பாடு போடுவது மாதிரி இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை விரித்து, கிட்டாரைக் கிடத்தினோம். கம்பிகளைக் கழற்றி, பழைய துண்டை நீக்கினேன். அதன் அடியில் ஒரு மெல்லிய எர்த் வயர் இருந்தது. அதைப் புதிய வாலோடு சேர்க்க மறந்தால் கிட்டார் முழு நேரமும் வண்டு மாதிரி ரீங்கரிக்கும் என்று ஒரு வீடியோவில் எச்சரித்திருந்தார்கள். மறக்காமல் சேர்த்தேன். இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

அடுத்தது நடுக்கோடு. வால் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் கம்பிகள் கோணலாகப் போகும். கழுத்திலிருந்து அடிவரை தையல் நூலை இழுத்துப் பிடித்தேன்.

"அது நடு இல்ல" என்றாள் மனைவி.

"அளந்துட்டேன்."

"நான் தினம் கரும்பலகைல கோடு போடறவ. நடு இது." பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து, என் கோட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய கோட்டைப் போட்டாள். மறுபடி அளந்தேன். அவளுடையதுதான் நடு. என்னுடையது அரசியல்வாதியின் நடுநிலை.

டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். அவ்வளவு காலம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த மரம். துளை போட்ட பிறகு வால் வேலை செய்யாவிட்டால், டியூனும் போய், கிட்டாரும் ஓட்டையாகி, கார்ட்ஸ் போடுகிற ஆளாக மிச்ச சனிக்கிழமைகளைக் கழிக்க வேண்டும்.

"போடுங்க. பல் டாக்டர் மாதிரி பாத்துட்டே நின்னா அது தானா விழுந்துடுமா?"

போட்டேன். சிவப்பு வார்னிஷுக்கு அடியிலிருந்து வெள்ளை மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. அவள் அதை ஊதித் தள்ளினாள். அடுத்த துளைக்கு மெஷினை நகர்த்தினேன்.

கம்பி மாட்டுவது தனிப் போராட்டம். கம்பியின் நுனியில் ஒரு குண்டு இருக்கும். அதை உருளையில் உள்ள முளையில் கோர்த்து, கழலாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அந்தக் கோடியில் இருக்கும் முறுக்காணியில் சுற்ற வேண்டும். இதற்கு மூன்று கைகள் தேவை. எங்களிடம் நான்கு இருந்தும் போதவில்லை; ஒன்றில் மோதிர விரல் பாதி வேலையில் மடங்கி உட்கார்ந்துவிட்டது. குண்டு கழன்று, கம்பி சாட்டையாகச் சுழன்று, மனைவியின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"வாலை ஆட்டுது பாருங்க, இப்பவே" என்றாள்.

ஒருவழியாக ஆறும் ஏறின. சுருதி சேர்த்துவிட்டுக் கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை. எடையைப் போட்டு அழுத்தினேன். மலை ஏறுகிற ஸ்பிரிங்குக்கு என் எடை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆனால் கைப்பிடியை மேலே தூக்கினால் சுலபமாக வந்தது. தூக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். சரி, எல்லோரும் அழுத்தி ஆட்டட்டும், நான் தூக்கி ஆட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

தூக்கினேன், ஏறியது. விட்டேன், இறங்கியது. ஆனால் கிளம்பிய இடத்துக்கு வராமல் இன்னும் சற்றுக் கீழே போய் நின்றது. கழுத்தின் உச்சியில், கம்பி ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்து போகிறது. அங்கே அது சிக்கிக்கொள்கிறது. பள்ளம் வழுக்க வேண்டும்.

"பென்சில் முனையைச் சீவி அந்தக் கரித்தூளைப் போடுங்க" என்றாள் மனைவி. "நல்லா வழுக்கும்."

பென்சில் என்பது அவளுடைய துறை. நடுக்கோட்டில் ஏற்கனவே ஒருமுறை தோற்றிருந்தேன். ஒரே நாளில் எத்தனை முறை? தவிர, செங்கல்பட்டில் வழுக்க வேண்டிய பொருள் எதுவானாலும் அதற்கு ஒரே மருந்துதான்: கேரம் பவுடர். பீரோ இழுப்பறை இறுகினால் அதுதான். ஜன்னல் தாழ்ப்பாளுக்கும் அதுதான். எங்கள் தெரு முனையில் கேரம் கிளப் இருக்கிறது. ஒரு பொட்டலம் வாங்கி வந்து ஆறு பள்ளங்களிலும் தாராளமாகத் தூவினேன்.

அற்புதம். தூக்கினால் ஏறியது. விட்டால், மாலை மணி அடித்ததும் வீடு திரும்பும் எங்கள் அலுவலக ஊழியர்கள் மாதிரி, ஒவ்வொரு கம்பியும் கச்சிதமாக அதனதன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. என் டியூனைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். கடைசிச் சுரத்தில் விரல் அழுத்திக்கொண்டு சும்மா இருக்க, வலது கை ஆட்டியது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆடுது" என்றாள் அங்கிருந்தே.

வாரம் முழுக்க வாசித்தேன். வாரம் முழுக்க ஆடியது. செங்கல்பட்டு வெயிலில், மின்விசிறிக்கு அடியில், வறண்ட காற்றில் ஆடியது. இந்தக் கடைசி வாக்கியத்தின் முக்கியத்துவம் எனக்குச் சனிக்கிழமை வரை தெரியாது.

திருக்கழுக்குன்றம் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே காற்று மாறிவிடும். விடுதியில் இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியது. மேஜைகள்மேல் இருந்த உப்புக் குப்பிகளில் உப்பு கட்டிதட்டிப் போயிருந்தது. நான் எதையும் கவனிக்கவில்லை. பளபளக்கும் வாலோடு கிட்டாரை வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மெய்யாலுமே வச்சுட்டியா?" என்றான் மச்சான். குனிந்து பார்த்து, "நம்ம ஸ்பிரிங்கு கெத்தா குந்திகினு கீது பாரு" என்று தன் சரக்கை மட்டும் பாராட்டினான்.

கடைசி உருப்படி வரும்வரை நான் வாலைத் தொடவே இல்லை. கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். மாமா டியூனுக்கு முன்னால் அண்ணாத்த என் பக்கம் சாய்ந்தார்.

"தலைப்பக்கம் வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கே?"

"கேரம் பவுடர். கம்பி வழுக்கறதுக்கு."

அவர் முகம் மாறியது. "எங்க அணுபுரம் கிளப்புல போர்டுக்கு மேல பல்பு எரியாம ஆட மாட்டோம். சூடு இல்லன்னா அந்தப் பவுடர் கடல் காத்துல களி மாதிரி ஆயிடும். இங்க..."

மச்சான் குச்சிகளைத் தட்டி எண்ணிவிட்டான். நான் கிளம்பிவிட்டேன்.

முதல் இரண்டு வரிகள் சுத்தமாகப் போயின. மூன்றாவதில் ஓர் இடத்தில் லேசாகக் கைப்பிடியைத் தூக்கினேன். சுரம் அருமையாக எழுந்தது. பக்கத்து மேஜையில் ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். விட்டேன். இறங்கியது. இறங்கிக் கிளம்பிய இடத்தைக் கடந்து, இன்னும் கீழே போய் ஒட்டிக்கொண்டது. களி.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாலைத் தொடாமல் வாசித்து முடித்தால், கடைசிச் சுரம் மறுபடி மின்கம்பம், டியூன் அண்ணாத்தைக்கு. தொட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக முழுகுவேன். மேடையில் யோசிக்க அவகாசம் கிடையாது. அலுவலகமாக இருந்தால் கோப்பை மேலிடத்துக்கு அனுப்பியிருப்பேன். தொட்டேன். எழுந்தது, விழுந்தது, இன்னும் கீழே.

இந்நேரம் கீபோர்டும் கிட்டாரும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்க வேண்டும். கூட்டம் முகம் சுளிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன்.

அண்ணாத்த இடது கட்டை விரலைச் சக்கரத்தின்மேல் வைத்திருந்தார். காதை என் பக்கம் நீட்டிக்கொண்டு, நான் எவ்வளவு இறங்கினேனோ அவ்வளவு, மயிரிழை மயிரிழையாகத் தானும் இறக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பதிலாக வாசிக்க வந்த சக்கரம், எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. மச்சானுக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் வண்டி பள்ளத்தில் இறங்குகிறது என்பது புரிந்துவிட்டது. டிரம்ஸின் வேகத்தை மெள்ள மெள்ளத் தளர்த்தினான். கடைசிச் சுரத்துக்கு மூன்று பேரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தோம், அது வழக்கமாக இருக்கும் இடத்துக்கு வெகு ஆழத்தில். அங்கே நின்று, தூக்கினேன். ஆடியது. ஆடி ஆடி, இன்னும் கொஞ்சம் முழுகி, அடங்கியது.

கைதட்டல் வந்தது. மேலாளர் வேகமாக வந்தார். மன்னிப்புக் கேட்பதற்காக முகத்தைத் தயார் செய்தேன்.

"சார், கடைசிப் பீஸ மாத்திட்டீங்களா? அப்படியே சூரியன் கடல்ல முழுகுற மாதிரியே இருந்துச்சு. இதத்தான் இத்தன நாளா எதிர்பார்த்தேன். வாரா வாரம் இதையே வச்சிருங்க."

அவருக்குப் பின்னால் சூரியன் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே எப்போதோ மறைந்திருந்தது.

பூஞ்சேரியில் டீ வந்தது. தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். மச்சான் பிஸ்கட்டை நனைத்தான், அது உடைந்து டீக்குள் விழுந்தது, விரலால் துழாவி எடுத்தான்.

"சர்தான். மாமா டியூன் மாமாவுக்கே."

"நிஜமாவா?"

"அண்ணாத்த வாசிச்சா கரீட்டா இருக்கும் மாமா. அந்தக் கேவலம் வராது. மேனேஜருக்கு அந்தக் கேவலம்தான் புடிச்சிருக்கு."

அண்ணாத்த கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் சக்கரத்தை விடாமல் பிடித்ததில் அவருக்கும் விரல் இழுத்துக்கொண்டதாம். "எங்க போகப் போறார்னு அவருக்கே தெரியல. அத நான் எப்படி வாசிக்கறது? பின்னாடியேதான் போகணும்" என்றார்.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "இன்னொரு டீ சொல்லுங்க" என்றார்.

எனவே டியூன் என்னிடமே இருக்கிறது. ஆனால் நான் போட்ட டியூன் எழுந்து நின்று ஆடி முடிவது. இப்போது இருப்பது முழுகி முடிவது. நான் காப்பாற்றியது எதை என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறுவேன். நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.

மறுநாள் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய்ப் பழைய டூத்பிரஷ்ஷும் ஒரு பென்சிலும் கொண்டுவந்தாள். கிட்டாரை மடியில் கிடத்தி, பள்ளங்களில் காய்ந்து அப்பியிருந்த கேரம் பவுடரைத் தேய்த்து எடுத்து, பென்சிலைச் சீவித் தூளை நிரப்பினாள். நான் கம்பியை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கொடுத்தேன். தூக்கி விட்டுப் பார்த்தால், பென்சில் போட்ட கம்பிகள் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றன. பென்சில் விஷயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை நான் நன்றாகக் கேட்டேன்.

கடைசிச் சுரம் விழுகிற கம்பிக்கு வந்தாள். பிரஷ்ஷை வைத்தாள்.

"அது மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

"பவுடரோடவா?"

"ம்."

"சனிக்கிழமை மறுபடியும் முழுகிடுமே?"

"ஆமா."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"வாலு" என்றாள்.